பதில் அலுவலர்

மறுமின் நிறுவனத்தில் வேலைக்கு வருகிறவர்களை முதலில் நிறுவனம் கேள்வி கேட்கும். அது முடிந்ததும் அவர்கள் நிறுவனத்தைக் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நியமிக்கப்பட்டவர் கோமதிநாயகம். வயது ஐம்பத்தைந்து. நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, யாரைக் கண்டாலும் தானாக வந்துவிடும் சிரிப்பு. இதற்கு முன் வள்ளியூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். சாவியைக் கொடுப்பார், சாவியை வாங்கிக்கொள்வார். யார், எவர், எதற்கு வந்தீர்கள் என்று யாரையும் கேட்டதில்லை.

ராதாபுரத்துக்குக் கிழக்கே, பழைய காற்றாலைகளைக் கழற்றி எடுத்துவிட்ட பொட்டலில் ஆலை இருந்தது. நாடெங்கும் ஓடித் தேய்ந்த வண்டிகளின் பேட்டரிகள் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். அவற்றைப் பிளந்து, உள்ளிருக்கும் உலோகத்தைப் பிரித்து, புதிய பேட்டரி செய்கிறவர்களுக்கு அனுப்புவார்கள்.

அன்று, பேட்டரிகளைப் பிளக்கும் மூன்றாம் யூனிட்டுக்கு ஆள் எடுக்கும் நாள். அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகம் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு, மேசைமேல் அதோடு இணைத்திருந்த சிறிய விளக்கைத் தொட்டுக் காட்டினார்.

"பயப்படாதீங்க. இந்தச் சட்டமே உங்களுக்காக வந்ததுதான். முன்னால எல்லாம் ஒரு வேலையச் சொல்லிக் கூட்டிட்டுப் போயி, வேற வேலையில தள்ளி விட்டுருவாவ. இப்ப அப்படி முடியாது. ஆளுக்கு மூணு கேள்வி. எது வேணும்னாலும் கேக்கலாம். நான் நம்புததச் சொன்னா இந்த விளக்கு பச்சை எரியும். தெரிஞ்சே மாத்திச் சொன்னா சிவப்பு. சிவப்பு எரிஞ்சா கம்பெனிக்கு அபராதம், எனக்கு வேலை போயிரும். நான் வந்த நாள்லருந்து ஒருநாளும் சிவப்பு எரிஞ்சதில்ல."

அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். சொல்லி முடித்ததும் விளக்கு பச்சையாக எரிந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

வழக்கமான கேள்விகள் வந்தன. ஷிப்ட் எப்படி, தங்க இடம் உண்டா, லீவு கேட்டால் கொடுப்பார்களா. ஒருவர் விவரமானவர். "இதுக்கு முன்னால இந்த எடத்துல இருந்தவரு ஏன் போனாரு?" என்று கேட்டார்.

"சொந்த விருப்பத்துல ஊருக்குப் போயிட்டாரு தம்பி."

பச்சை.

"உடம்புக்கு எதுவும் செய்யுமா?"

"ஒண்ணும் செய்யாது. முகமூடி குடுக்காவ, கையுறை குடுக்காவ, டாக்டர் வந்து பாக்காரு."

பச்சை. அந்த ஆள் நிம்மதியாக மூச்சு விட்டதைக் கோமதிநாயகம் பார்த்தார். இந்த வேலையில் அவருக்குப் பிடித்ததே அந்த மூச்சுதான்.

கடைசியாக ஒரு பெண் எழுந்தாள். பெயர் ஜெபஷீலா. மெலிந்த உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. கையில் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க கடைசியா எப்ப மூணாம் யூனிட்டுக்குள்ள போனீய?"

இப்படி ஒரு கேள்வி அவரிடம் வந்ததே இல்லை. "நான் உள்ள போனதில்லம்மா."

பச்சை.

"அப்ப உடம்புக்கு ஒண்ணும் செய்யாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"திங்கக்கெழம தோறும் ஆபீஸ்ல கூப்பிட்டு எல்லா விவரமும் சொல்லுவாவ."

பச்சை.

அவள் விளக்கைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவ கூடப் போயிப் பாக்கணும்னு ஏன் அண்ணாச்சி தோணல?"

கோமதிநாயகம் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். கடைசியில், "தோணலம்மா" என்றார்.

அதற்கும் பச்சைதான் எரிந்தது. ஜெபஷீலா தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்துப் போடாமல் வெளியே போனாள். மற்றவர்கள் எல்லோரும் போட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க அவள் கேட்டதே அவர் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வீடு ஆலையிலிருந்து தள்ளி, அதிகாரிகள் குடியிருப்பின் கடைசியில் இருந்தது. காலையில் கம்பெனி ஜீப் வந்து கூட்டிப் போகும், மாலையில் கொண்டுவந்து விடும். சாப்பாடு அவருக்குத் தனி அறையில். தொழிலாளிகள் யாரும் அவரிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போவார்கள். இதையெல்லாம் மரியாதை என்று அவர் நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது மனைவி பகவதி, "எங்கயும் போவமாட்டீயளே, இன்னைக்கு என்ன?" என்றாள்.

"ஒரு ஆளப் பாக்கணும்" என்றார். எந்த ஆள் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

பஸ் ஏறி, அவள் விண்ணப்பத்தில் எழுதியிருந்த கடற்கரை ஊரில் இறங்கினார். கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டை ஒரு மீன்காரம்மா காட்டினாள். வாசலில் ஜெபஷீலா துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வாங்க அண்ணாச்சி. எங்க அண்ணன் உள்ளதான் இருக்கான்."

உள்ளே நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்குமேல் இருக்காது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்திருந்தான். முகத்தைப் பார்த்ததும் கோமதிநாயகத்துக்கு நினைவு வந்துவிட்டது. பெனடிக்ட். சில வருடங்களுக்கு முன் அதே அறையில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவன். பேசிப் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்தவன். போகும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்கியவன். 'உடம்புக்கு எதுவும் செய்யுமா' என்று அவனும் கேட்டிருந்தான்.

"இருங்க அண்ணாச்சி" என்றான் பெனடிக்ட். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பதுபோல மெதுவாகப் பேசினான்.

"என்ன ஆச்சுப்பா?"

"அங்க பேட்டரி செல்லைப் பொளக்கும்போது ஒரு பொகை வரும். வெள்ளையா, மெலிசா. முகமூடி தடுக்காது. மொதல்ல மூக்கு போச்சு, ஒரு வாடையும் தெரியாது. அடுப்புல கேஸ் ஒழுகிட்டுக் கெடந்திருக்கு, நான் அதுக்குப் பக்கத்துல உக்காந்து பீடி பத்த வைக்கப் போனேன். இவதான் ஓடி வந்து பிடுங்குனா. அப்புறம் நாக்கு போச்சு. கஞ்சியும் ஒண்ணுதான், கறிக்கொழம்பும் ஒண்ணுதான். அதுக்கப்புறம் கை."

தொடைக்கடியிலிருந்து கைகளை எடுத்துக் காட்டினான். பிடித்து வைத்த மீன் துள்ளுவதைப்போல அவை துள்ளின. மறுபடியும் உள்ளே வைத்து அழுத்திக்கொண்டான்.

"இவன் பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா" என்றாள் ஜெபஷீலா. "அவளக் குத்தம் சொல்ல மாட்டேன். பிள்ளையத் தூக்கும்போது கை விட்டுட்டு. நெத்தியில தையல்."

"கம்பெனி டாக்டர்ட்ட சொல்லலையா?"

"சொன்னேன்" என்றான் பெனடிக்ட். "சொன்ன ஒடனே கணக்க முடிச்சிட்டாவ. சொந்த விருப்பத்துல போறேன்னு எழுதி வாங்குனாவ. என்னைய மாதிரி இந்தக் கரையில நெறையப் பேரு இருக்காவ அண்ணாச்சி. கேஸ் போட்டிருக்கோம்."

கோமதிநாயகத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நான்தானப்பா ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னேன்."

"நீங்க பொய் சொல்லலையே" என்றான் பெனடிக்ட். அவர் மனதைத் தேற்றுவதற்காகத்தான் அவன் அப்படிச் சொன்னான். "பச்சதான எரிஞ்சிச்சு."

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல விவரம் சொல்வதற்காக பணியாளர் பிரிவு மேலாளர் சுபத்ரா அவரை அழைத்தாள். சென்னைக்காரி, நாற்பது வயது, அதிர்ந்து பேசத் தெரியாதவள். அவர் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்ததை மூடி வைத்துவிட்டாள்.

"எங்க போயிருந்தீங்க சார்?"

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் மறுக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும்லா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்களால அந்த மேசையில உட்கார முடியாது சார்." தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்கள வேலைக்கு எடுத்த அன்னைக்கு, எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமான்னு எல்லாரையும் கேட்டோம். வந்தவங்க எல்லாரும் ஏதோ ஒண்ணு கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. அதுக்காகத்தான் உங்கள எடுத்தோம். உங்க வீடு அங்க இருக்கறது, நீங்க தனியா சாப்பிடறது, யாரும் உங்ககிட்ட பேசாதது, எல்லாம் அதுக்காகத்தான்."

தன் அடக்கத்தைப் பார்த்து எடுத்தார்கள் என்று இத்தனை வருடம் பகவதியிடம் சொல்லிக்கொண்டிருந்தது கோமதிநாயகத்துக்கு நினைவு வந்தது.

"நாளைக்கு வாறவங்கட்ட நான் உள்ளதச் சொல்லிருவேன்" என்றார். "என்னைய இன்னைக்கே அனுப்பிட்டாலும் சரி, வெளிய நின்னு சொல்லுவேன்."

சுபத்ரா எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். தலைமை அலுவலகத்தோடு வெகுநேரம் பேசினாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் தலையசைப்பது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இருந்தது என்ன என்று அவருக்குப் புரியவில்லை.

"சொல்லுங்க சார். தெரிஞ்சது எல்லாத்தையும் சொல்லுங்க. உங்கள யாரும் தடுக்க மாட்டாங்க."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அறை நிறைந்திருந்தது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே கோமதிநாயகம் பேச ஆரம்பித்தார். புகையைப் பற்றிச் சொன்னார். மூக்கு, நாக்கு, கை என்று வரிசையாகச் சொன்னார். துள்ளும் கைகளை எப்படித் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொள்கிறார்கள் என்று செய்தே காட்டினார். கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. பேசிய நேரமெல்லாம் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

பேசி முடித்தார். வயதான ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எல்லோரும் அவர் பின்னால் போவார்கள் என்று கோமதிநாயகம் காத்திருந்தார்.

யாரும் எழவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருவன் கேட்டான். "கை நடுங்க எத்தன வருசம் ஆவும் அண்ணாச்சி?"

"நாலு வருசம். சிலருக்கு அஞ்சு."

அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். "நாலு வருசம் இருந்தாப் போதும்டே. அதுக்குள்ள தங்கச்சி நர்ஸிங் முடிச்சிருவா."

இன்னொருத்தி கேட்டாள். "பொம்பளையாளுக்கும் அதே மாதிரிதானா, கொஞ்சம் கூடுமா?" வேறொருவர் கேட்டார். "மூக்கு மட்டும் போன ஒடனே நின்னுட்டா கை தப்பிக்குமா?"

எல்லாம் நல்ல கேள்விகள். அறிந்தவரை உண்மையாகப் பதில் சொன்னார். மழை பெய்து மூன்று வருடமாகியிருந்தது. கடலில் மீன் இல்லை. காற்றாலைகளோடு அந்த வேலைகளும் போயிருந்தன. பதில்களைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

வரிசையின் கடைசியில் ஜெபஷீலா நின்றாள்.

"நீயுமா?" என்றார் கோமதிநாயகம். "ஒனக்குத் தெரியாதாம்மா? வீட்டுலயே பாத்துக்கிட்டு இருக்கியே!"

"தெரியும் அண்ணாச்சி. நடுக்கத்தக் குறைக்க ஒரு ஊசி இருக்கு. கம்பெனி ஆஸ்பத்திரியில மட்டும்தான் போடுதாவ. வேலையில இருக்கவங்களுக்கும் அவங்க வீட்டு ஆளுக்கும்தான். பெனடிக்டு போயிக் கேட்டதுக்கு வாசல்லயே நிறுத்திட்டாவ." பேனாவை எடுத்தாள். "நான் சேந்தா அவனுக்குப் போடுவாவ."

"அப்ப அன்னைக்கு ஏன் அப்படிக் கேட்டுட்டுப் போன?"

"அன்னைக்குச் சேரத்தான் வந்தேன். நீங்க சிரிச்ச மொகமா ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீய பாத்தீயளா, அதத் தாங்க முடியல. ஒங்களுக்கும் தெரியட்டும்னு கேட்டேன்." கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இன்னைக்கு நீங்க சொன்னது மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு."

அதற்குப் பிறகும் கோமதிநாயகம் அந்த மேசையில்தான் இருந்தார். சொன்னால் நூறில் ஒருவராவது எழுந்து போவார் என்று நம்பினார். சில நாள் ஒருவர் போனார். பல நாள் யாரும் போகவில்லை.

கோடை முடிகிற சமயத்தில் சுபத்ரா அவரை அழைத்தாள். அவளே எழுந்து கதவைச் சாத்தினாள்.

"தலைமை அலுவலகத்துல உங்களப் பாராட்டி எழுதியிருக்காங்க சார். நம்மளோட மத்த ஆலைகள்லயும் இனிமே இப்படித்தான் பண்ணப் போறாங்க. நீங்க போய் அங்க இருக்கறவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"என்னத்த?"

"உண்மையச் சொல்றத." அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பெனடிக்ட் மாதிரி ஆளுங்க போட்ட கேஸ் நமக்கு எதிராத்தான் முடியும்னு வக்கீல் சொல்றார். அவங்களுக்கு யாரும் சொல்லல, அதனால நஷ்டஈடு குடுத்தாகணும். ஆனா நீங்க சொல்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சேர்ந்தவங்க அத்தன பேரும் கேட்டிருக்காங்க, பச்சை எரிஞ்சிருக்கு, கையெழுத்துப் போட்டிருக்காங்க. எல்லாம் பதிவாகியிருக்கு. தெரிஞ்சே சேர்ந்தவங்க நாளைக்குக் கோர்ட்டுக்குப் போக முடியாது."

கோமதிநாயகம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"அந்தப் பொண்ணு ஜெபஷீலா?"

"அவங்களும்தான்."

"நான் சொல்லாம இருந்திருந்தா அவளுக்குக் கெடச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும்" என்றாள் சுபத்ரா. பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "அன்னைக்கு ஃபோன்ல தலைமை அலுவலகத்துல சரின்னு சொன்னப்ப எனக்கும் காரணம் புரியல சார். புரிஞ்சிருந்தா உங்களத் தடுத்திருப்பேனான்னும் தெரியல" என்றாள்.

"நான் இனிமே பேசாம இருந்துட்டா?"

"வேற ஒருத்தர் பேசுவார். உங்கள மாதிரி அழாம, எழுதிக் குடுத்ததப் படிச்சிட்டுப் போவார்."

அடுத்த முறை ஆள் எடுத்த நாளில் அவர் முன்னால் ஐயம்பெருமாள் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். புதிதாகக் கல்யாணமானவன். மனைவி வெளியே மரத்தடியில் நின்றாள். சன்னல் வழியே அவள் வயிறு மேடிட்டிருப்பது தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகு அவன் தன் கடைசிக் கேள்வியைக் கேட்டான்.

"உயிருக்கு எதுவும் ஆவுமா அண்ணாச்சி?"

இதுவரை யாரும் சாகவில்லை. அது அவருக்குத் தெரியும். விரல் துள்ளும், சொல் தடுமாறும், உயிர் போகாது. கோமதிநாயகம் மரத்தடியைப் பார்த்தார். பிறகு அவன் கண்களைப் பார்த்தார்.

"செத்துப்போவ. ரெண்டு வருசத்துல செத்துப்போவ. ஒம் பிள்ளை ஒன்னைய அடையாளம் காணாது. எந்திரிச்சுப் போயிரு."

விளக்கு சிவப்பாக எரிந்தது.

அந்த அறையில் முதன்முறையாக அந்த நிறம். எல்லோரும் அதையே பார்த்தார்கள். ஐயம்பெருமாள் முகத்தில் இருந்த பயம் மெல்ல விலகியது. அவன் சிரித்தேவிட்டான்.

"பயமுறுத்திட்டீயளே அண்ணாச்சி!" என்றான். "சிவப்பு! அப்ப சாவ மாட்டோம்."

பின்னாலிருந்து யாரோ, "அப்ப அந்தக் கை நடுக்கமும் சும்மா சொன்னதுதானோ?" என்றார். கோமதிநாயகம் எழுந்து நின்று, இல்லை, அது உண்மை, அது உண்மை என்று கத்தினார். அதிகாரிகள் வந்து கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று காட்ட அந்த நேரத்தில் எதுவும் எரியவில்லை. எழுந்து போகத் தயங்கிக்கொண்டிருந்தவர்களும் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

குடியிருப்பைக் காலிசெய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். பகவதி அதிகம் பேசவில்லை. சட்டிபானைகளைக் கட்டினாள். கிளம்புகிற நாள், லாரி வருவதற்காக இருவரும் சாலை ஓரத்தில் நின்றிருந்தபோது ஷிப்ட் முடிந்த கூட்டம் வந்தது. அதிலிருந்து பிரிந்து ஜெபஷீலா ஓட்டமும் நடையுமாக வந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது.

"நல்லவேள, போறதுக்குள்ள பாத்துட்டேன். பெனடிக்டு இப்ப தானா டம்ளரப் பிடிக்கான் அண்ணாச்சி. பாதி சிந்துதான், ஆனாப் பிடிக்கான். பிள்ளையக் கூட்டிக்கிட்டு மதனி ஒருநாள் வந்துட்டுப் போனா."

"நல்லதும்மா" என்றார் கோமதிநாயகம். "ஒனக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்." பையிலிருந்து தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பகவதியிடம் நீட்டினாள். "நெய்மீன் கருவாடு மதனி. நானே உப்புப் போட்டுக் காய வச்சேன். ஒங்களுக்குன்னு எடுத்து வச்சது. நல்லாருக்கும், பாருங்க."

பொட்டலம் கை மாறும்போதே நாற்றம் எழுந்தது. உள்ளே எல்லாம் அழுகியிருந்தது. பகவதி முகத்தைச் சுளிக்கப் போனாள். கணவரைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஜெபஷீலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

கோமதிநாயகம் பொட்டலத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"நல்ல மணமா இருக்கும்மா" என்றார்.